புல்புல்தாராவுக்குப் பரீட்சை கிடையாது

1

என் பத்து விரல்களையும் வங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பர் மாதத்தில் தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். நேரில் போய் நின்று இருமிக் காட்டினாலும் செல்லாது. ஒரு சின்னக் கருவியின் கண்ணாடியில் விரலை வைக்க வேண்டும். ரேகை பொருந்தினால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் நாம் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் முதல் நவம்பர்.

வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி விரல், அதற்கும் சிவப்பு. கவுன்டரில் இருந்த பெண் என் மகளைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். "ஆன்ட்டி ஜி, தோடா தபாகே" என்று சொல்லித் தன் விரலாலேயே என் விரலை அழுத்திப் பார்த்தாள். முந்தானையில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் கொஞ்சம் எண்ணெய் தடவிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். வலது கை முடிந்து இடது கையும் முடிந்தது. பத்தும் சிவப்பு.

"ரேகையே தேய்ந்துபோயிருக்கிறதே, என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டாள்.

"ஸ்டெனோகிராஃபர். டைப்பிங்."

"அச்சா, டைப்பிங்" என்று தலையை ஆட்டிக்கொண்டாள். கடைசியில் ஒரு கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்டினேன். நான் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் இந்த விரல்களைத்தானே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்? எத்தனை அதிகாரிகள் சொன்னதை இவை எழுதியிருக்கும், எத்தனை கோப்புகளை இவை தட்டியிருக்கும்? வேலை முடிந்ததும் யார் இந்த விரல்கள் என்று கேட்கிறார்கள். வங்கிப் படியில் நின்றபடி இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். போகட்டும், இனிமேல் உங்களுக்கு எவரும் வேலை சொல்லப்போவதில்லை என்று அவற்றிடம் சத்தமாகவே சொன்னேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். டில்லியில் தனியாகப் பேசிக்கொண்டு போகிற கிழவிகளுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு மெட்ரோ நிலையத்துக்கு நடந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனதில் ஒரு காரியம் கிடந்தது. இரண்டாவதாக ஒரு வாத்தியம் வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் பிரயோஜனமும் இல்லாமல், சும்மா.

2

இரண்டாவது என்றால் முதலாவது எது என்று கேட்பீர்கள். வயலின்.

பாளையங்கோட்டையில் என் அப்பா நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். பெண்பிள்ளைக்குக் கையில் இரண்டு வித்தை இருக்க வேண்டும், ஒன்று உத்தியோகத்துக்கு, ஒன்று கல்யாணத்துக்கு என்பது அவருடைய திட்டம். காலை ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். சாயந்திரம் ஐந்து மணிக்கு வயலின் வகுப்பு. இரண்டுக்கும் அரசாங்கப் பரீட்சை உண்டு, இரண்டிலும் லோயர், ஹையர் என்று இரண்டு படிகள். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர், வயலினில் லோயர். மாப்பிள்ளை வீட்டார் என் ஜாதகத்தைவிட இந்த மூன்று சான்றிதழ்களைத்தான் அதிகம் புரட்டினார்கள்.

இருபத்திரண்டு வயதில் மத்திய அரசு வேலை கிடைத்து, இரண்டு இரவு ரயிலில் கழித்து, டில்லியில் வந்து இறங்கினேன். ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் வயலின் பெட்டி. தங்கியிருந்த மகளிர் விடுதியில் யாரோ அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். பொங்கல் விழா, பிரிவுபசார விழா, பாராட்டு விழா என்று எங்கே பத்துத் தமிழர்கள் கூடினாலும், "ஒரு பொண்ணு வயலின் வாசிக்கும்" என்று என்னை மேடையேற்றினார்கள். எதற்கு? சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க. வாசலில் கார் சத்தம் கேட்டதும் அமைப்பாளர் கை காட்டுவார், நான் பாதியில் நிறுத்திவிட்டு இறங்குவேன். இருபது வருடத்தில் ஒரு கீர்த்தனையைக்கூட முழுதாக முடித்த நினைவில்லை.

பெண் பார்க்க வந்த அன்றும் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரிடம் கேட்டேன். பஜ்ஜி வாழைக்காயா வெங்காயமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

வயலின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் அதை எனக்காக நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. யாருக்கோ எதையோ நிரூபிக்கத்தான் எடுத்தேன். இப்போது அது பரணில் கிடக்கிறது. அதுவும் பணி ஓய்வு பெற்றதுதானே, கிடக்கட்டும்.

3

மண்டி ஹவுஸில் ரயில் மாறி, டில்லி கேட்டில் இறங்கி, தரியாகஞ்ச் பக்கம் நடந்தேன். அங்கே வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் வைத்திருந்த நிபந்தனைகள் மூன்று. மூவாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாமல் தத்தித் தத்தியாவது பழகக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் மயூர் விஹார் வீட்டுப் பால்கனியில், துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில் அது அடங்க வேண்டும்.

யுகுலேலே வாங்கு என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, விலையும் குறைவு. ஆனால் அதற்கும் நாலு கம்பி. வயலினோடு சேர்ந்து நான் கம்பி எண்ணியது போதும் என்று வைத்துவிட்டேன். புல்லாங்குழல் எல்லாவற்றையும்விட மலிவு. நவம்பர் மாத டில்லிப் புகையில் மூச்சு விடுவதே பெரும்பாடு, இதில் ஊதுவது எங்கே? மவுத் ஆர்கனைப் பார்த்ததும் என் முன்பல் இரண்டும் கட்டிய பல் என்பது நினைவுக்கு வந்தது. தபலாவுக்குச் சம்மணம் போட வேண்டும், என் முழங்கால் ஒத்துவராது. ஆர்மோனியம் விலை எட்டாது. எலெக்ட்ரானிக் கீபோர்டைக் கடைக்காரர் காட்டியபோது, ஆபீஸில் தட்டியது போதாதா என்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குச் சரியான தண்டனை அடுத்த கடையில் காத்திருந்தது.

கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் நீளமான மரப்பெட்டி ஒன்று. மூடியில் சிவப்பு ரோஜா வரைந்திருந்தது. திறந்தால் உள்ளே கம்பிகள், கம்பிகளின் மேல் வட்ட வட்டமாகச் சாவிகள். பழைய டைப்ரைட்டரில் இருக்குமே, அதே வட்டச் சாவிகள். புல்புல்தாரா! பாளையங்கோட்டைப் பொருட்காட்சியில் சின்ன வயதில் பார்த்தது. இங்கே இதைப் பேஞ்சோ என்கிறார்கள். இடது கையால் சாவியை அழுத்த வேண்டும், வலது கையில் சின்ன வில்லையை வைத்துக் கம்பியை மீட்ட வேண்டும். நான் யோசிப்பதற்குள் என் விரல்கள் சாவிகளின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. வங்கி வேண்டாமென்று சொன்ன அதே விரல்கள்.

கடைக்காரர் தாடிக்குள் சிரித்தார். "பெஹன்ஜி, பேரப்பிள்ளைக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா? இதை இப்போது யாரும் கற்றுக்கொள்வதில்லையே."

"இதற்குப் பரீட்சை ஏதாவது உண்டா? கிரேடு, சர்டிபிகேட்?"

அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். பேஞ்சோவுக்குப் பரீட்சையா என்று உள்ளே இருந்த தன் தம்பியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "இஸ்கா கோயி எக்ஸாம் நஹீன் ஹோதா, பெஹன்ஜி. யாரும் பாஸ் ஆக மாட்டார்கள், ஃபெயிலும் ஆக மாட்டார்கள்."

அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன்.

4

"ஏளா, இது என்ன? அஞ்சறைப் பெட்டியா?" என்றார் என் கணவர்.

அவர் விமானப்படையில் பண்டகசாலைப் பிரிவில் இருந்தவர். எங்கள் வீட்டில் பருப்பு டப்பாவுக்குக்கூட எண் உண்டு. எண் இல்லாத பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

"புல்புல்தாரா. வாசிக்கதுக்கு வாங்கினேன்."

"வயலின் ஒண்ணு பரண்ல கெடக்கே, அதுக்கே ஆளக் காணும். இது எதுக்கு?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். எல்லாத்துக்கும் உங்களுக்கு ரசீது காட்டணுமோ?"

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். ஓய்வு பெற்றவர்களை ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், கன்சல்டன்ட் என்று பெயர், வேலை என்னவோ அதே வேலை. என்னிடம் கடைசியாக டிக்டேஷன் கொடுத்துவந்த மேடம் இப்போது பெரிய பதவிக்குப் போய்விட்டார். அவருக்கு நான்தான் வேண்டுமாம். ஒரு வாரத்தில் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். காலை ஒன்பது முதல் சாயந்திரம் ஆறு வரை, அறுபத்தைந்து வயது வரை. விண்ணப்பம், மருத்துவச் சான்று, பென்ஷன் ஆணையின் நகல், புகைப்படம் நாலு. எல்லாவற்றையும் என் கணவர் வரிசையாக அடுக்கி, படிவத்தைத் தன் கையெழுத்திலேயே நிரப்பி வைத்திருந்தார்.

"கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். மாசக் கடைசில வார வெள்ளிக்கிழமதான் கடைசித் தேதி."

"என் ஃபாரத்த நீங்க எதுக்கு நிரப்புதிய?"

"வீட்ல சும்மா இருந்தா துருப்பிடிச்சுப் போவ, பாத்துக்கோ."

இவர் ஓய்வு பெற்று எட்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். இவருக்கு மட்டும் எப்படித் துருப்பிடிக்கவில்லை என்று கேட்டேன். தனக்குப் பழக்கமாகிவிட்டது என்றார்.

டிக்டேஷன் எடுப்பது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதிகாரி பேசுவார், நாம் சுருக்கெழுத்தில் பிடிப்போம். முடித்ததும் "படியுங்கள்" என்பார். படித்துக் காட்டுவோம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தப்பாகவே சொல்லியிருந்தாலும் அவர் சொன்னதுதான். இதுதான் எங்கள் தொழில் தர்மம். என் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு நான் பத்து நாள் விடுப்புக் கேட்டிருந்தேன். அப்போதிருந்த அதிகாரி ஒரு நாள் காலையில் ஆறேழு கோப்புகளுக்கு மளமளவென்று குறிப்புச் சொல்லிக்கொண்டே போனார். நான்காவது கோப்பு என்னுடையது. "பார்லிமென்ட் கூட்டத்தொடர் நடப்பதால் ஸ்டெனோகிராஃபரின் விடுப்புக் கோரிக்கையை ஏற்பதற்கில்லை" என்றார். எதிரே உட்கார்ந்து எழுதுகிறவள்தான் அந்த ஸ்டெனோகிராஃபர் என்பது அவர் நினைவில் இருந்ததா, தெரியாது. நான் எழுதினேன். படித்துக் காட்டினேன். மூன்று பிரதி டைப் அடித்து, ஒரு பிழையில்லாமல், கையெழுத்துக்கு வைத்தேன்.

தங்கை கல்யாணத்தை வீடியோவில் பார்த்தேன். அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் இருக்கும் ஆத்திரம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

5

எங்கள் வீட்டுக்குக் கீழே தினமும் காலை பத்து மணிக்குப் பப்லு காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு வருவார். கான்பூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். "ஆலூ லே லோ, ப்யாஜ் லே லோ" என்று உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தாழ ஆரம்பித்து, தக்காளிக்கு "டமா...ட்டர்" என்று மேலே ஏறி, அங்கேயே மூச்சு உள்ளவரை நிற்பார். கேட்டுக் கேட்டு அந்த ராகம் எனக்கு மனப்பாடம். முதல் பாட்டாக அதையே பழகுவது என்று முடிவு செய்தேன். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். சரளி வரிசையில் தொடங்கியிருக்கலாமே என்பீர்கள். சரளி வரிசை எனக்குப் பரீட்சையை நினைவுபடுத்துகிறது. தக்காளி நினைவுபடுத்துவதில்லை.

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். எந்தச் சாவியைத் தட்டினாலும் "டிங்" என்று ஒரு நொடி சரியான ஸ்வரம் வரும், உடனே வெறுங்கம்பியின் சத்தத்துக்கு விழுந்துவிடும். ஆலூவும் ச, ப்யாஜும் ச, டமாட்டரும் ச. கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவே செய்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்து மூடியும் ஆயிற்று.

செல்விதான் காப்பாற்றினாள். செல்வி எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்க வருகிறவள். கள்ளக்குறிச்சிப் பக்கம். திரிலோக்புரியில் இருக்கிறாள். நாலு வீட்டு வேலை அவளுக்கு. அன்றைக்குப் பால்கனியைப் பெருக்க வந்தவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க்கா பொட்டிய மூடிட்ட?"

"ரிப்பேர். சத்தமே நிக்க மாட்டேங்கு."

"நீ எங்க நிக்க உட்ட? நானும் ஒரு வாரமா பாக்கறேன். தோசக்கல்லு சுட்ட மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு கைய எடுத்துக்கற. செத்த நேரம் அழுத்திப் புடிச்சிதான் பாரேன்."

பெட்டியைத் திறந்தேன். சாவியை அழுத்தினேன். விரலை எடுக்காமல் மீட்டினேன். ஸ்வரம் நின்றது. பால்கனிக் கம்பி அதிர்கிற மாதிரி, துளசித் தொட்டியின் மேல் நிலைத்து நின்றது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. டைப்ரைட்டரில் சாவியைத் தட்டியதும் விரலை எடுத்துவிட வேண்டும். நின்றால் அடுத்த எழுத்து வந்து மாட்டிக்கொள்ளும். தட்டு, விடு, தட்டு, விடு. ஸ்கேலால் முட்டியில் அடித்து இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தது. வயலின் கம்பியைப் பல வருடம் அழுத்திப் பிடித்த இதே இடது கை, வட்டச் சாவியைக் கண்ட மாத்திரத்தில் அதையெல்லாம் மறந்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டது. முப்பத்தெட்டு வருட வேலை விரலுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதே என்று நினைத்தபோது வெட்கம் போய்க் கோபம் வந்தது.

பிறகு சந்தோஷமும் வந்தது. செல்விக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கிற நேரத்தில் "ஆலூ லே லோ" வாசித்துக் காட்டினேன். "அய்யே, பப்லு!" என்று புரையேறச் சிரித்தாள். டமாட்டர் மட்டும் வரவில்லை. அந்த நீளத்துக்கு விரல் பொறுக்காமல் பாதியில் எகிறிவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை திவ்யா வந்தாள். எங்கள் ஒரே மகள். குர்காவோனில் வேலை. டில்லியில் பிறந்து டில்லியில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் இங்கே எழுதுவது எதையும் அவள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

"சீரியஸ்லி அம்மா? இது மேளாவுல விக்கிற டாய் மாதிரி இருக்கு. நான் சொன்ன யுகுலேலே என்ன ஆச்சு?"

"அது உனக்குப் பிடிச்சது. இது எனக்குப் பிடிச்சது."

"அச்சா, சரி. ஆனா அந்த ஆஃபர நீ ஏன் சைன் பண்ணல? அப்பா சொன்னாரு. பூரா தின் வீட்லயே இருந்தா போர் ஹோ ஜாவோகி, மா. உனக்கு ஒரு ஸ்ட்ரக்சர் வேணும். இதெல்லாம் ஜஸ்ட் டைம்பாஸ்."

அப்பாவும் மகளும் இப்படிச் சேர்ந்துகொள்வது புதிதல்ல. இவள் பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஆபீஸிலிருந்து வரவே எட்டு மணி ஆகும். பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் இவர்தான் போவார். அப்போது, "எல்லாருடைய அம்மாவும் வர்றாங்க, நீ மட்டும் ஏன் வரல" என்று இதே பெண் இதே சோபாவில் உட்கார்ந்து அழுதாள். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றதும், அவளுக்கு ஒரு ஆபீஸ் தேடுகிறார்கள். நான் அழுவதாக இல்லை.

"ஆமா, டைம்பாஸ்தான். இத்தனை வருஷம் என் டைம யார் யாரோ பாஸ் பண்ணியாச்சு. இனிம நான் பண்ணுதேன்."

"நீ கோபப்படுற."

"ஆமா, படுதேன். கோபப்படக் கூடாதுன்னு ஏதாவது சர்க்குலர் வந்திருக்கா?"

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவள் பால்கனிப் பக்கம் போனாள். சமையலறையிலிருந்து எனக்குப் பால்கனி தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரே ஒரு சாவியை அழுத்தி மீட்டிப் பார்த்தாள். அவள் விரலை எடுக்கவில்லை. டைப்ரைட்டரைத் தொட்டிராத விரல். யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஸ்வரம் நின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

7

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் பால்கனியில் இருந்தேன். மடியில் புல்புல்தாரா, பக்கத்தில் சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலும். பப்லுவின் கூவலை நான் சுருக்கெழுத்தில்தான் குறித்து வைத்திருந்தேன், ஏற்ற இறக்கத்துக்கு என் சொந்த அடையாளங்கள் போட்டு. போன் அடித்தது. மேடம்.

நல்ல மனுஷி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது பழம் கொடுத்தனுப்பியவர். அதனால்தான் அவரிடம் முடியாது என்று சொல்வது இத்தனை சிரமமாக இருந்தது. இரண்டு போனிலும் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று மழுப்பியிருந்தேன்.

"பகவதி ஜி, இன்றைக்குக் கடைசித் தேதி. உங்கள் விண்ணப்பம் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு விருப்பக் கடிதம் மெயிலில் வந்தால் போதும், நான் கோப்பை நகர்த்திவிடுவேன். நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிவிட்டார். என் கை என்ன செய்தது தெரியுமா? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பென்சிலை எடுத்து, எழுத ஆரம்பித்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேற்படி அறிவிப்பின்படி, கமா, ஒப்பந்த அடிப்படையில் பணியாற்ற எனக்குச் சம்மதம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஃபுல்ஸ்டாப். எந்தத் தேதியில் அழைத்தாலும் உடனே வந்து சேருவேன். ஃபுல்ஸ்டாப்." என் பெயரில், என் சம்மதத்தை, வேறொருவர் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். பப்லுவின் ஆலூவுக்கும் ப்யாஜுக்கும் கீழே, அதே பக்கத்தில்.

கூடத்திலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். பென்சில் ஓடுவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி.

"படியுங்கள்" என்றார் மேடம்.

எத்தனை ஆயிரம் முறை இந்த வார்த்தையைக் கேட்டிருப்பேன். தங்கை கல்யாண விடுப்பைப் படித்த அதே குரலில், நிதானமாக, நோட்டைப் பார்த்துப் படித்தேன்.

"மேற்படி அறிவிப்பின்படி, ஒப்பந்த அடிப்படையில் பணியாற்ற எனக்குச் சம்மதம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேடம் குறுக்கிட்டார்.

"நான் அப்படிச் சொல்லவில்லையே, பகவதி ஜி?"

"இல்லை மேடம். அந்த ஒரு வார்த்தை என்னுடையது."

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அதிகாரி சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட்டிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். குரலில் அக்கறைதான்.

"பிரச்சினை ஒன்றுமில்லை மேடம். வாத்தியம் கற்றுக்கொள்கிறேன். நேரம் போதவில்லை."

"என்ன வாத்தியம்?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. சிரிக்கட்டும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரி, இதையே மெயிலில் அனுப்பிவிடுங்கள், கோப்பில் வைக்க வேண்டும்" என்றார். கோப்பில் வைக்காமல் அங்கே எதுவும் முடியாது. இரண்டாவது வரியை நீக்கிவிட்டு, அந்த ஒற்றை வரியை உடனே டைப் அடித்து அனுப்பினேன். ஒரு பிழையில்லை. அவருக்காக நான் அடித்த கடைசிக் கடிதம் அது, எனக்காக அடித்த முதல் கடிதமும் அதுதான்.

என் கணவர் பால்கனி வாசலில் நின்றார். கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை.

"என்னளா சொன்னாவ?"

"அவங்க சொன்னது இருக்கட்டும். நான் சொல்லிட்டேன். முடியாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார், மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். உறையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். தெருமுனையில் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"சரி. பப்லு வாரான். தக்காளி அரைக்கிலோ கேளு" என்றார்.

நான் வாயால் கேட்கவில்லை. ஆலூ லே லோ, ப்யாஜ் லே லோ என்று மீட்டினேன். கீழே வண்டி நின்றது. பப்லு அண்ணாந்து பார்த்தார். தன் குரல் மூன்றாவது மாடியிலிருந்து திரும்பி வருவதைக் கண்டு முதலில் திகைத்து, பிறகு இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சவால் விடுகிறவர் போல "டமா..." என்று மேலே ஏறி நின்றார்.

நானும் ஏறி, அந்தச் சாவியை அழுத்தினேன். அவர் மூச்சு தீர்கிறவரை நான் விரலை எடுக்கவில்லை.